தவமணி அக்காவுக்குக் கதவைப் பூட்டியவர்கள்

தவமணி அக்கா இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் அவருடைய மகள் யாழினி தொலைபேசியில் அழைத்தாள். நான் சுங்கை பட்டாணியில் மருந்துக்கடை வேலையில் இருந்தேன். "அக்கா, அம்மா போய்ட்டாங்க. மத்தியானம் சாப்ட்டு படுத்தாங்க, எந்திரிக்கவே இல்ல" என்றாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். இரண்டாவது செய்தி மாலையில் வாட்ஸ்அப்பில் கண்ணீர் அஞ்சலிப் படமாக வந்தது. அதில் அக்காவின் முகம் ஒரு மூலையில் ஐம்பது காசு அளவுக்கு இருந்தது. மிச்ச இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டு எங்கள் கோயில் தலைவர் கைகூப்பி நின்றார். 'ஆலயத்தின் அருந்தொண்டர், எங்கள் அன்புச் சகோதரி' என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, பதிவு பெற்ற மனநல ஆலோசகர் ஆனவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அம்மன் கோயில் மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசினார். தூக்கம் தொலைத்தவர்களும், கணவனோடு பேச்சு நின்றுபோனவர்களும், என்னைப்போல் மனம் ஓரிடத்தில் நிற்காதவர்களும் அங்கே போனோம். தலைவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதையும் வெட்டி பேனரில் ஒட்டிக்கொள்வார்.

நான் அக்காவிடம் போன கதை ஒரு பொட்டலம் நாசி லெமாக்கில், நெத்திலி வைத்த தேங்காய்ப்பால் சோற்றில், தொடங்கியது. என் கணவர் குமரனின் கை தொழிற்சாலை இயந்திரத்தில் மாட்டி, அறுவை சிகிச்சை செய்து பிழைத்தது. கை குணமானால் மருமகள் பால்குடம் எடுப்பாள் என்று மாமியார் வேண்டிக்கொண்டார். காப்புக் கட்டி விரதம் இருந்தேன். ஒரு காலை கடையில் யாரோ வாங்கி வந்த நாசி லெமாக்கைப் பிரித்து, பேசிக்கொண்டே சாப்பிட்டேன். நெத்திலி வாயில் நொறுங்கிய பிறகுதான் விரதம் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய வருடம் வேறொரு விரதத்திலும் இப்படித்தான் முட்டையைத் தின்று வைத்தேன். "சாமி காரியத்துலகூட ஒனக்குக் கவனம் இல்லயா? என் உசுரு ஒனக்கு அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு குமரன் பண்டார் பாருவில் இருக்கும் தம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமியார் என்னைச் சாமி பார்க்கிறவரிடம் கூட்டிப்போய், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்ட வைத்தார்.

அந்தக் கயிற்றைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டுதான் அக்காவின் முன் உட்கார்ந்தேன். படித்தவர், பார்த்தால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் உட்காரும்போதே பார்த்துவிட்டார்.

"அத ஏம்மா மறைக்கிற? யாரு கட்டுனா?"

"மாமிதான்க்கா."

"பயத்துல கட்டுனாங்களா, பாசத்துலயா?"

யோசித்தேன். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. "ரெண்டும்தான்க்கா" என்றேன்.

"அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும். அவங்க சொல்ல வேண்டியத அவங்க கயிறா சொல்லிட்டாங்க. நீ சொல்ல வேண்டியத இப்ப சொல்லு."

எத்தனை வருடத்துப் பேச்சு அன்றைக்குக் கொட்டியதோ தெரியாது. மூடாத கேஸ் அடுப்பு, தொலைந்த சாவிகள், பாதியில் விட்ட கதைகள், சோம்பேறி என்று வாங்கிய பட்டங்கள் எல்லாம் வந்தன. அக்காதான் என்னை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். இந்த வயதில் எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைபாடு, என்று அங்கே சொன்னார்கள். மருந்தும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று மாமியார் பயந்தபோது அக்கா சொன்னதை நான் இன்னும் பலருக்குச் சொல்லி வருகிறேன். "ஆஸ்பத்திரிக்கும் போவோம், அம்மன்கிட்டயும் போவோம். அவங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்க மாட்டாங்க மாமி. நம்மதான் நடுவுல நின்னு மூட்டி விடுறோம்."

ஆனால் குமரன் திரும்பி வந்தது மாத்திரையால் அல்ல. அக்கா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கோயில் பூசாரியிடம் போனார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரே வேண்டுதலுக்குக் காப்புக் கட்டலாமா என்று கேட்டார். "தாராளமா கட்டலாம்மா. யார் வேணான்னா?" என்றார் பூசாரி. அடுத்த விரதத்துக்கு குமரனும் என்னோடு காப்புக் கட்டிக்கொண்டார். காலையில் எனக்கும் சோறு கட்டிக் கொடுப்பது விரதத்தில் அவருடைய பங்கு. பத்து மணிக்கு, "நெத்திலி பத்திரம்" என்று செய்தி அனுப்புவார். அதற்கு முன்னாலும் அவர் நினைவூட்டியவர்தான், ஆனால் அப்போதெல்லாம் அது வசவாகத்தான் என் காதில் விழும். அந்த வருடம் பால்குடம் எடுத்து முடித்து இறக்கியபோது, குமரன் அழுததை மாமியாரும் பார்த்தார்.

இப்படிப்பட்ட வேலை நடந்த அறையைத்தான் தலைவர் பூட்டினார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் மைக்கைக் கையில் எடுத்தார். "இது கோயிலா, தஞ்சோங் ரம்புத்தானா?" என்று கேட்டார். மனநல மருத்துவமனை இருக்கும் அந்த ஊர்ப் பெயரை எங்கள் பக்கம் எதற்குச் சொல்வார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தெம்பாகி அடுத்ததையும் சொன்னார். "அந்த ரூமுக்குப் போற பொண்ணுங்கள நாளைக்கு யாரு கட்டுவா? யோசிச்சுக்குங்க." பெண்கள் வரிசையில் நான் பிரசாதத் தொன்னையோடு நின்றிருந்தேன். என் காது எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனால் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ஒரு பெண் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு வெளியே நின்றாள். அக்கா பூட்டைப் பார்த்தார். யாரையும் தேடிப் போகவில்லை, சத்தம் போடவில்லை. கோயில் கார் நிறுத்துமிடத்தில் மரத்தடியில் நின்ற தம் காரின் கதவைத் திறந்து, "காடில ஏர்கோன் இருக்குலா. உள்ள வாம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை அந்தக் காடிதான் அவருடைய அறை. மழைக்கும் அதேதான்.

மைக்கில் சொன்ன சொல் சும்மா போகவில்லை. கல்யாணம் பேசியிருந்த ஒரு பெண்ணை அக்காவிடம் வரவிடாமல் அவள் அம்மா அதோடு நிறுத்திவிட்டார். அவள் தொடர்ந்து வந்தே ஆக வேண்டிய நிலையில் இருந்தவள் என்று மட்டும் அக்கா சொன்னார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு அக்கா நேரில் போனபோது கேட்டைத் திறக்கவில்லையாம். "உள்ள லைட் எரிஞ்சிச்சும்மா" என்றார். அன்றுதான் அவர் அழுது நான் பார்த்தேன். அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் கடைசிவரை தெரியவில்லை. தலைவரே, உங்களை நான் வெறுப்பது பூட்டுக்காக அல்ல, அந்தக் கேட்டுக்காக.

அன்றே முகநூலில் தலைவரைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதி, போடுவதற்கு முன் அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா ஊரு மொதல்ல எந்தப் பொண்ணுன்னுதான் தேடும். என் சண்டைக்கு அந்தப் புள்ளைய இழுத்துட்டுப் போகாதம்மா" என்றார். அழித்துவிட்டேன். அழித்தேனே தவிர, விட்டுவிடவில்லை.

அக்கா போன பிறகு தலைவர் என்னையே தொலைபேசியில் அழைத்தார். மண்டபத்தில் நினைவஞ்சலிக் கூட்டமாம். "நீங்கதான் எழுதுறவங்க. ரெண்டு வார்த்த பேசுங்க. கோயில் அவங்களுக்கு எப்படி ஆதரவு குடுத்துச்சுன்னு சொன்னீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். அவர் சொன்னபடி நான் பேசிவிட்டால், அதுதான் அக்காவின் கதையாக ஊரில் நிலைத்துவிடும். பூட்டியவர் ஆதரித்தவர் ஆகிவிடுவார். "வரேன் தலைவரே" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவிடம் யார் யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. யாழினிக்கும் தெரியாது. அதனால் அவளைக் கேட்டுக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஊரில் எல்லாருக்கும் போகும்படி ஒரே செய்தி அனுப்பினேன். 'அஞ்சலிக்கு வருகிறவர்கள் அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்காருவோம். வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டு வாருங்கள்.' புரிகிறவர்களுக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

புரிந்தது. கார் நிறுத்துமிடத்தில் கார் நிறுத்த இடமில்லாமல் ஸ்டூல்கள் நிறைந்தன. குமரன் மாமியாரைப் பண்டார் பாருவிலிருந்து அழைத்து வந்திருந்தார். பூசாரி விபூதித் தட்டோடு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் குளிர்சாதனம் ஓடியது, மீ கோரெங் நூடுல்ஸ் தட்டுகள் அடுக்கியபடி ஆறின. கமிட்டிக்காரர்கள் சிலர் மட்டும் முன்வரிசையில் இருந்தார்கள். தலைவர் வாசலுக்கு வந்தார்.

"ஏன் எல்லாரும் வெயில்ல? உள்ள வாங்கலா."

"உள்ள வந்தா அப்புறம் எங்கள யாரு கட்டுவா தலைவரே?" என்றேன்.

மாமியார்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்த இடமே சிரித்தது. தலைவர் முகம் செத்துப்போய் உள்ளே திரும்பினார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "இங்கே திரளாகக் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மனைவி மண்டபத்து நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா எப்போதாவது அக்காவின் காடியில் உட்கார்ந்தவரா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

எனக்கு அது இனித்தது. பாயசம்போல் இனித்தது என்பதை ஒளிக்க மாட்டேன். இப்போது அந்த அறைக்கு அக்காவின் பெயரை வைக்கப்போவதாகத் தலைவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெயர்ப்பலகையை மாட்டினால் கழற்றுவதற்கு நான் ஏணியோடு வருவேன் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். ஒருமுறை என் கோபத்துக்கு மாத்திரை உண்டா என்று கேட்டேன். "கோபம் வியாதி இல்லம்மா. அது யாருக்காக வருதுன்னு மட்டும் பாத்துக்க. ஒனக்காக மட்டும் வந்தா என்கிட்ட வா. இன்னொருத்தருக்காக வந்தா வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா. நீங்கள் அந்த மனிதரை மன்னித்திருப்பீர்கள். நான் பிள்ளைகளின் பிறந்தநாளை மறக்கிறவள், அடுப்பை மறக்கிறவள், நேற்று யாரிடம் என்ன பேசினேன் என்பதையே மறக்கிறவள். திறக்காத அந்தக் கேட்டை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.