ஆஸ்க் என்றால் கேட்கிற விலை இல்லையாம்

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் விற்பவர் விலை ‘சொல்லுவார்’, வாங்க வந்த வியாபாரி ‘கேட்பார்’.

அந்தப் பழக்கத்தில், பங்குச் சந்தையின் பழைய விலைப் பட்டியலில் ‘ஆஸ்க்’ என்றிருந்ததை வாங்குபவர் கேட்கும் விலை என்றும், ‘பிட்’ என்றிருந்ததை விற்பவர் சொல்லும் விலை என்றும் எடுத்துக்கொண்டேன்.

அந்த விலைகளில் வாங்கி விற்றதாகக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் தினமும் லாபம். ஒரு நாள்கூட நஷ்டமில்லை!

இனி பங்கு வியாபாரமே போதும் என்று இன்று காலை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பும்போது திண்டிவனம் பஸ்ஸில் ஏழுமலையிடம் சொன்னேன். பல வருடங்களாகப் பங்கு வாங்கி விற்கும் நண்பன். என் கணக்கைப் போன மாதமே பார்த்தவன்.

அவன் முகம் மாறியது.

“டேய், நெஜமாவே குடுத்துட்டியா? ஆஸ்க்னா விக்கிறவன் சொல்ற விலைடா. வாங்குறவன் கேக்குறதுதான் பிட்டு. நீ தலைகீழா போட்டு வச்சிருக்க.”

“போன மாசமே தெரியுமா?”

“பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு.”

“அப்புறம் ஏன்டா சொல்லல?”

“நீ கேக்கலியே!”

விற்பவன் சொல்லுவான், வாங்குபவன் கேட்பான், சரி. நண்பன் என்ன செய்வான்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த முறை கேட்டுவிட்டேன்.