கிருத்திகைக்குப் பிறகு எடுக்க வேண்டிய வரி

என் தோழியின் பெயரைக் கெடுத்தவள் நான்தான். கெடுத்ததோடு நிற்கவில்லை. அதை மறைப்பதற்காகச் செய்த வேலைக்கு அலுவலகத்தில் கைதட்டலும் வாங்கிக்கொண்டேன்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எஸ்தரை அறியாதவர் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்... இதுவும் ஒரு கோழைத்தனம்தான், எனக்குத் தெரியும்.

திருத்தணியில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் என் வீடு. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, இரண்டு நாள் ரயில். எஸ்தர் அரக்கோணத்தில் ஏறுவாள். நாங்கள் இருவரும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே குழு. அவளுக்கு ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பது ஏழு வருடமாக என் பொறுப்பு.

எங்கள் மென்பொருள் டயாலிசிஸ் மையங்களுக்கானது. எந்த நோயாளிக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கருவி என்று பட்டியல் போடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தப் பட்டியலில் தன் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எதை மாற்றி எழுதினாலும், வெளியே அனுப்பும் முன் அவரவர் கணினியில் டெஸ்ட் ஓட்டிப் பார்ப்போம். எழுதியது சரியா என்று தானாகச் சோதிக்கும் சின்னச் சின்ன நிரல்கள் அவை. சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. எல்லா டெஸ்ட்டுகளுக்கும் பொதுவானதை ஒரே இடத்தில் எழுதி வைத்திருப்போம். அதற்கு பேஸ் கிளாஸ் என்று பெயர். தோசை மாவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாவு புளித்தால் ஊற்றுகிற தோசை அத்தனையும் புளிக்கும்.

அந்த பேஸ் கிளாஸில் நான் எழுதிய சோதனை ஒன்று இருந்தது. ஒவ்வொரு டெஸ்ட்டும் முடிந்ததும், தொடக்கத்தில் இருந்த நோயாளிகள் எல்லோரும் இன்னும் பட்டியலில் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்கும். நல்ல சோதனைதான். ஒரே தொல்லை, அது சென்னையில் இருக்கும் சர்வரைக் கேட்டுத்தான் எண்ணும். இணையம் மந்தமானால் காரணமே இல்லாமல் சிவப்பு காட்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் திருத்தணியில் இணையம் எப்படி இருக்கும்? ஊருக்குள் அத்தனை ஜனம், அத்தனை செல்போன்! தெருவெல்லாம் காவடி. வீட்டில் பள்ளிப்பட்டிலிருந்து வந்த உறவுக்காரர்கள் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சின்ன மாற்றத்தை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். டெஸ்ட் ஓட்டுகிறேன், சிவப்பு. மறுபடி ஓட்டுகிறேன், வேறு இடத்தில் சிவப்பு.

"இன்னும் அதையே பாத்துகினு இருக்கியா? பெரியவங்கல்லாம் வந்து உக்காந்துகினு இருக்காங்க. எழுந்து வா" என்றார் என் கணவர்.

"ரெண்டே நிமிஷம், பாவா."

அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்தேன் தெரியுமா? பேஸ் கிளாஸில் ஒரு வரி சேர்த்தேன். எண்ணாமலேயே திரும்பிவிடு என்று சொல்லும் வரி. பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்: கிருத்திகை முடிந்ததும் எடுக்கணும். டெஸ்ட் எல்லாம் பச்சை! அனுப்பிவிட்டு எழுந்து போய்ச் சாம்பார் தாளித்தேன்.

கிருத்திகை முடிந்தது. காவடிகள் போயின, உறவுக்காரர்கள் போனார்கள், இணையம் திரும்பி வந்தது. வரியை நான் எடுக்கவில்லை. மறந்துபோனேன். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை, வெறும் மறதி. இத்தோடு முடிந்திருந்தால் உங்கள் நேரத்தை வீணடித்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் எஸ்தர் ஒரு மாற்றம் எழுதினாள். ஒரு மையம் தன் வேலை நேரத்தை மாற்றினால், நோயாளிகளைப் புது நேரத்துக்கு நகர்த்துகிற வேலை. முடித்த அன்று எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கணினித் திரையை அப்படியே போனில் எடுத்த படம். மேலிருந்து கீழ்வரை பச்சை. "முடிச்சிட்டேன்டி, அப்பாடா!" என்று கீழே எழுதியிருந்தாள். நான் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.

அவள் நிரலில் ஒரு பிழை இருந்தது. கடைசியாகச் சேர்க்கப்பட்ட நோயாளியை அது நகர்த்தாமல் கைவிட்டுவிடும். என் சோதனை விழித்திருந்தால் அடுத்த நொடியே சிவப்பு காட்டியிருக்கும். நான்தான் அதைத் தூங்க வைத்திருந்தேனே...

கனகம்மாசத்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் முறைக்கு மையத்துக்குப் போனார். பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். மறுநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அந்தச் செய்தி வரும்வரை நான் சாப்பிடவில்லை.

கணினி வழியே கூட்டம் போட்டார்கள். பிழையை அன்றே திருத்தியாயிற்று, ஆனாலும் யார் தவறு என்று தெரிந்தாக வேண்டுமே.

"டெஸ்ட் ஓட்டுனீங்களா எஸ்தர்?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஓட்டுனேன் சார். எல்லாம் பச்சைதான் இருந்துச்சு."

"பச்சைன்னா இது எப்படி வெளியே போச்சு?"

"தெரியல சார்."

நான் மைக்கை அணைத்துவிட்டு பேஸ் கிளாஸைத் திறந்தேன். என் வரி அங்கேயே இருந்தது. கிருத்திகை முடிந்ததும் எடுக்கணும்! மைக்கைத் திறந்து, "சார், தப்பு என்னோடது" என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? கூட்டம் அதற்குப் பிறகு இருபது நிமிடம் நடந்தது.

முடிந்ததும் எஸ்தர் போன் செய்தாள். "நீயாவது நம்புறியாடி?"

"நம்புறேன்" என்றேன். அது பொய் இல்லை. அவள் டெஸ்ட் ஓட்டினாள் என்பது இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

இனிதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. அந்த ஒற்றை வரியை மட்டும் நீக்கினால், நீக்கியது தனியாகத் தெரியும். குறிப்போடு சேர்த்து எல்லோரும் படிப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமென்றால் சோறு நிறைய வேண்டும் அல்லவா? நிறையச் சோறு வடித்தேன்.

"நம்ம பேஸ் கிளாஸ் எல்லாம் குப்பையா கிடக்கு சார், நான் ஒழுங்குபடுத்துறேன்" என்று மேனேஜரிடம் நானே போய்க் கேட்டேன். மூன்று பேஸ் கிளாஸ்களை ஒன்றாக்கினேன். பெயர்களை மாற்றினேன், கோப்புகளை இடம் மாற்றினேன். எண்ணுகிற சோதனையை, இணையம் தேவைப்படாதபடி, சுத்தமாகத் திரும்ப எழுதினேன். இரண்டு வாரம் உழைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை. பழைய கோப்புகளோடு என் வரியும் போயிற்று.

இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் விதி. எஸ்தரிடம் கொடுத்தார்கள். நீக்கிய வரிகளைத் திரை சிவப்பு நிறத்தில் காட்டும்; அவள் ஊன்றிப் பார்த்திருந்தால், அவற்றுக்கு நடுவில் அந்தக் குறிப்பு கண்ணில் பட்டிருக்கும். அன்று முழுவதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயந்தேன். கண்டுபிடிக்கட்டும் என்றும் ஆசைப்பட்டேன்... சாயங்காலம் அழைத்தாள்.

"ஓகே குடுத்துட்டேன்டி. நீ எழுதுனதுல நான் இன்னா தப்பு கண்டுபுடிக்கப் போறேன்? என் கண்ணுமேலயே எனக்கு நம்பிக்க இல்ல இப்போ."

அடுத்த கூட்டத்தில் மேனேஜர் என்னைப் பாராட்டினார். எல்லோருக்கும் காட்டுவதற்காக எஸ்தரின் பழைய பிழையை எடுத்து, என் புதிய பேஸ் கிளாஸோடு ஓட்டினார். நொடியில் சிவப்பு! கைதட்டினார்கள். பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "இந்த எண்ணுற செக் புதுசு இல்லீங்க, ரெண்டு வருஷமா இருக்கு. அப்போ அன்னைக்கும் சிவப்புதான வந்திருக்கணும்? டெஸ்ட்டே ஓட்டாம அனுப்பிட்டு ஓட்டுனேன்னு சொல்லலாமா எஸ்தர்?"

என் மறைப்புவேலை அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இதை நான் திட்டமிடவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பினாலும் என்ன... அப்போதும் மைக் என் கையில்தான் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் எஸ்தர் நிரல் எழுதும் வேலையே வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டு, மையங்களிலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்லும் பிரிவுக்குப் போய்விட்டாள். எங்கள் குழுவிலேயே கூர்மையான மூளை அவளுடையது. இன்று, "பாஸ்வேர்ட மறுபடி போட்டுப் பாருங்க சார்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் பேஸ் கிளாஸைக் காட்டித்தான் இப்போதும் பாடம் நடக்கிறது. நடத்துகிறவள் நான்.

போன வாரம் ரயிலில் வடையைப் பிட்டுக்கொண்டே எஸ்தர் திடீரென்று சொன்னாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. அன்னைக்கு நான் டெஸ்ட் ஓட்டவே இல்லபோல. ஓட்டுனேன்னு நானே நெனச்சுகினு இருந்திருக்கேன். எவ்ளோ யோசிச்சாலும் அப்படித்தான் தோணுது. நீ மட்டும்தான் என்ன நம்புன... உன்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

ஜெபம் செய்யும்போதும் இதைச் சொல்லி அழுகிறாளாம். செய்யாத தவற்றுக்கு!

அவள் அனுப்பிய அந்தப் பச்சைப் படம் என் போனில் இருக்கிறது. அவள் போன் நடுவில் ஒருமுறை உடைந்து பழையதெல்லாம் போய்விட்டது. அனுப்பியதே அவளுக்கு நினைவில்லை. நாளும் நேரமும் அதன் மேலேயே இருக்கின்றன. அவளுக்கு அனுப்ப, இரண்டு முறை விரலால் தொட்டால் போதும். அனுப்பினால் அவள் முதலில் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: அப்போ ஏன்டி பச்சை வந்துச்சு?

"ஆங், விடுடி. பழைய கதை" என்றேன். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதி வடையை எனக்குக் கொடுத்தாள். நான் தின்றேன்.

நாளைக்கு ரயில் நாள். திருத்தணியில் ஏறி, ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைப்பேன். அரக்கோணத்தில் அவள் ஏறுவாள்.