நகராத புள்ளி

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: கிரிவலம் கூடாது. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியவர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சரி, ராஜகோபுரத்துகிட்ட உட்கார்ந்து கும்பிட்டுட்டு வந்துடறேன். அதுக்குமா தடை?" என்றார்.

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் இருக்கும் இடம் எங்கள் இருவர் போனிலும் தெரிகிற மாதிரி ஏதோ செய்து கொடுத்தாள். மேப்பில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் என் கணவர்.

பௌர்ணமி விடியற்காலையில் புள்ளி வேங்கிக்காலில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும். கோபுரத்தருகே போய் நிற்கும். பிறகு அசையாது. இட்லி ஊற்றிவிட்டுப் பார்ப்பேன், அங்கேயே இருக்கும். துணி காயப்போட்டுவிட்டுப் பார்ப்பேன், அங்கேயே. வீட்டில் ஓரிடத்தில் உட்காராத மனிதர் இப்படி அடங்கிப்போய்விட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போனைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்: "பாருங்க, எவ்ளோ அமைதியா தியானம் பண்றாரு!"

போன பௌர்ணமியன்று அவருடைய மாத்திரை டப்பா மேசையிலேயே கிடந்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அதில்லாமல் வாசல் தாண்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போன் அடித்தேன்; எடுக்கவில்லை. தியானமாக்கும் என்று சலித்துக்கொண்டே ஆட்டோ பிடித்தேன். கூட்டத்தால் ஆட்டோவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மீதி தூரம் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

புள்ளி என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது செருப்பு பாதுகாக்கும் கடையில்.

அவரைக் காணோம். மறுபடி அடித்தேன். கடைக்காரப் பெண்ணின் காலடியில், செருப்புக் குவியலுக்கு நடுவே, ஒரு மஞ்சள் பைக்குள்ளிருந்து அவர் போன் பாடியது. கூடவே அவர் செருப்பு.

"ஐயா வீட்டம்மாவா? மலை சுத்தப் போயிருக்காரும்மா. மாசாமாசம் செருப்போட போனையும் இங்கதான் வுட்டுட்டுப் போவாரு" என்றாள்.

மாசாமாசம்! இத்தனை பௌர்ணமியும் நான் பார்த்துப் பூரித்தது ஒரு ஜோடி பழைய செருப்பை. வெறுங்காலோடு சுற்ற வேண்டிய மலை என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவைப்பார்கள். இவர் எங்கள் கண்ணையும் சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றைக்கு மாத்திரையும் இல்லை. அத்தனை கூட்டத்தில் எங்காவது விழுந்தால் யார் எனக்குச் சொல்வார்கள்? தேடிப் போகலாம் என்று கிளம்பினேன். நான் ஒரு பக்கம் போய், அவர் மறுபக்கம் வந்துவிட்டால்? டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். செருப்புக்காகவாவது வந்துதானே ஆக வேண்டும்!

வெயில் ஏறிய பிறகு வந்தார். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து, முகம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் திருதிருவென்று விழித்தார். வாய்க்கு வந்தபடி திட்டத்தான் எழுந்தேன். அதற்குள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நெஞ்சு கொஞ்சம் பிடிக்குது. அந்த மாத்திரை..."

கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் மணிக்கட்டை நான் விடவில்லை.

மகளிடமிருந்து போன். "அம்மா, அப்பா காலைலேர்ந்து நகரவே இல்ல. பரவால்லயே, சொன்ன பேச்சு கேக்கறாரு!"

அவர் கண்ணைத் திறந்தார். சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டினார்.

"அது அப்பா இல்லம்மா, அவர் செருப்பு" என்றேன். "அப்பா இப்பதான் வந்து சேர்ந்தாரு. டாக்டருக்குப் போன் போடு, நான் ஆட்டோ பாக்கறேன்."