ஜும்ஆ நேரத்தில் பூட்டிய ரேம்

போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். என் அண்ணனை, எங்கள் காக்காவைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து இதை அவரிடம் காட்டிவிடாதீர்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காக்கா புது ரேம் வாங்கி வந்தார். அழுத்தி அழுத்திப் பார்த்தார், இறங்கவில்லை. "மதர்போர்ட் செத்துட்டு வாப்பா, பழைய இரும்புக்குப் போடுவம்" என்றார். வாப்பாவும் "ஓம்" என்றார்.

என் ஐசிடி பாடச் செயற்றிட்டம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது!

போர்டில் பழுதே இல்லை. எங்களுடையது டிடிஆர் 3 வகை, அவர் வாங்கியது டிடிஆர் 4. பெட்டியில் '8 ஜிபி' என்பதைப் பெரிதாக எழுதிவிட்டு, இந்த 3, 4 எண்களை மட்டும் எறும்பு அளவில் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். ஒன்றின் இடத்தில் மற்றது இறங்கவே இறங்காது.

நேற்று டியூஷன் முடிந்து, பழையதையும் புதியதையும் எடுத்துக்கொண்டு கல்முனைக் கடைக்குப் போனேன்.

"எல்லா ரேமும் ஒண்டுதான் மகள்" என்றார் கடைக்காரர்.

இரண்டையும் சேர்த்து வைத்து, நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதைக் காட்டினேன். புதியதை டிடிஆர் 3 ஆக மாற்றித் தந்தார்.

இன்று ஆண்கள் ஜும்ஆவுக்குப் போனதும், ரேமைப் பொருத்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். உம்மா வாசலில் காவல். "கெதியாப் பூட்டு புள்ள, தொழுகை முடியப் போகுது!"

'டக்' என்று இறங்கியது. திரையும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

திரும்பி வந்த காக்கா திகைத்து நின்றார். "தூசி தட்டினன், வேலை செய்யுது" என்றார் உம்மா.

உடனே காக்கா வாப்பாவிடம், "நான் அப்பவே நினைச்ச, தூசிதான்!"

நாளை பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரையும் தூசி தட்டித் திருத்தப் போகிறாராம். சொல்லவா, விடவா?