சகலையின் வெள்ளைப் படகு

எழுபதுகளின் கடைசியில், திருச்சுழிப் பக்கம் கண்மாய் நிறைந்த ஒரு வருஷம், என் சகலை தூத்துக்குடியிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை லாரியில் ஏற்றி வந்தார். மாமனார் ஊரே அவர் பின்னால் போனது. அருப்புக்கோட்டையிலிருந்து மனைவி பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்திறங்கிய என்னை வாங்க என்று கேட்க ஆளில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

படகின் வெள்ளை உடம்பில் திருகாணிகளுக்குக் கீழே துரு வழிந்து கறையாகியிருந்தது. நான் சாயப்பட்டறைக்காரன் என்பதால் சகலை என்னிடம் கேட்டார்: “துணியில துருக்கறை பட்டா எப்படி எடுப்பீக?”

எலுமிச்சம்பழமும் உப்பும் போதும். அது தெரிந்தே, “செங்கப்பொடி போட்டு அழுத்தித் தேய்ங்க” என்றேன்.

காலை முழுவதும் தேய்த்தார். கறை போனது, கூடவே பளபளப்பும் போய், அந்த இடமெல்லாம் கீறல் விழுந்து சொரசொரப்பானது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “கறை போயிருச்சுல்ல, அது போதும். முதல்ல ஒங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறேன்” என்று அவர்களை ஏற்றிக்கொண்டார்.

கரையில் நின்ற என் மனைவி, “அவுகளுக்கு எம்புட்டு நல்ல மனசு” என்றாள். செய்த காரியத்துக்கு வெட்கப்பட வேண்டியவன், அதைக் கேட்டு இன்னும் பொறாமைப்பட்டேன்.

அடுத்த கோடையில் கண்மாய் வற்றியதும் அவர் படகை விற்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் அவரோடு என்னால் சிரித்துப் பேச முடிந்தது.