இடலீனா ஊர் பார்க்கிறாள்

லிஸ்பனில் பெலெம் கோபுரத்தின் முன்னால் நிற்கிற கூட்டம் முழுவதும் கோபுரத்தைப் பார்க்கிறது. இடலீனா மட்டும் பக்கத்து ஆற்றைப் பார்க்கிறாள். கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கழுத்தைச் சற்றே இடப்புறம் சாய்த்து, தேஜு ஆற்றில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் கண்ணை நிறுத்தி அசையாமல் நிற்பாள். படம் எடுக்க வந்தவர்கள், இந்த அம்மாள் அப்படி எதைத்தான் பார்க்கிறாள் என்று தாங்களும் ஒருமுறை திரும்பித் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஏமாந்துபோவார்கள்.

அவள் பார்ப்பதும் கோபுரத்தைத்தான். இடலீனாவுக்கு நடுப்பார்வை அழிந்துகொண்டு வருகிறது. எதை நேராகப் பார்த்தாலும், அது இருக்கும் இடத்தில் புகை படிந்தாற்போல ஒரு மங்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓரங்கள் மட்டும் இன்னும் தெளிவு. ஆகவே ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். ஆற்றைப் பார்த்தால் கோபுரம் தெரியும். கோபுரத்தைப் பார்த்தால் ஆறு தெரியும். அப்படித் தெரிகிற கோபுரம் மற்றவர்கள் பார்க்கிற கோபுரம் இல்லை. வெள்ளைவெளேரென்று, அடியில் பிடிப்பே இல்லாமல், காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கடல்பக்கம் நகர்ந்துவிடும் போல நிற்கும்.

"என்ன தெரியுது?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் அதட்டும்.

"சர்க்கரையில செஞ்சு தண்ணியில வெச்ச மாதிரி இருக்கு."

"சர்க்கரைன்னா சீக்கிரம் பாத்து முடி, கரைஞ்சிடப்போவுது. எனக்குக் கால் கடுக்குது."

அதட்டியவள் ஜுல்மீரா. இடலீனாவின் இறந்துபோன அண்ணன் அன்செல்மோவின் மனைவி.

இடலீனா பிறந்தது, வளர்ந்தது, புருஷனை அடக்கம் செய்தது எல்லாம் லிஸ்பனில்தான். வீடு கிராஸா மேட்டில். கீழ் நகரத்தில் ஒரு ஹோட்டலின் நிலவறையில், இளமையிலிருந்து கண் மங்கும் வரைக்கும் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். நிலவறையின் ஒரே சன்னல் தெருவின் மட்டத்தில் இருந்தது. அதில் மனிதர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். உலகத்தின் எல்லாச் செருப்புகளையும் அவள் அந்தச் சன்னலில் பார்த்திருக்கிறாள். காலையில் பளபளப்பாக மேட்டை நோக்கிப் போகிற செருப்புகள், சாயங்காலம் புழுதி பிடித்து, ஒரு காலை இழுத்து இழுத்துத் திரும்பி வரும். மறுநாள் காலை அதே செருப்புகள் மறுபடி கிளம்பும்.

சென்ற வசந்தத்தில் கண் மருத்துவர் அவளிடம் பக்குவமாகச் சொன்னார். "முழு இருட்டு ஆகாதும்மா. ஆனா படிக்கறது, ஊசியில நூல் கோக்கறது எல்லாம் போயிடும். ஏதாவது பாக்கணும்னு ஆசை இருந்தா, தள்ளிப்போடாம பாத்துடுங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது டிராமில் உட்கார்ந்து அவள் யோசித்தாள். பார்க்க ஆசைப்பட்டது என்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அது அவளுக்குக் கண் போகிறது என்பதைவிட வருத்தமாக இருந்தது. அப்போதுதான் அந்தச் செருப்புகள் ஞாபகம் வந்தன. எங்கெங்கோ இருந்து வந்து, கொப்புளம் வெடித்த காலோடு மறுநாளும் கிளம்பிப் போகிறார்கள் என்றால், இந்த ஊரில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கதவு தட்டப்பட்டது. வாசலில் ஜுல்மீரா, வைக்கோல் தொப்பியும் அகலக் கால்செருப்புமாக நின்றாள். மருந்துக்கடைக்காரி மூலம் சேதி எட்டியிருந்தது.

"கிளம்பு. உனக்குக் கண்ணு இல்ல, எனக்கு வேலை இல்ல. போய்ப் பாத்துட்டு வருவோம்."

"நீங்க எதுக்கு? நானே போய்க்குவேன்."

"போவ. கோபுரம்னு நெனச்சுக்கிட்டு ரயில்வே ஸ்டேஷனப் பாத்துட்டு வருவ."

அந்த 'நீங்க'வுக்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் இடலீனா அவளை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டு, நீ, வா, போ என்று உரிமையோடு பேசியவள்தான். அன்செல்மோ மருத்துவமனையில் கிடந்து இறந்தபோது தங்கைக்குச் சொல்லியனுப்பவில்லை. அவன் படுத்திருக்கிறான் என்பதே இடலீனாவுக்குத் தெரியாது. தகவல் வந்து ஓடிப்போனபோது பெட்டியை மூடி ஆணி அடித்திருந்தார்கள். அன்று கல்லறைத் தோட்டத்தின் வாசலில், "நீங்க செஞ்சதை நான் மறக்க மாட்டேன்" என்றாள். அதற்கப்புறம் கடைத்தெருவில் எதிர்ப்பட்டாலும் தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தாலும் நீங்க, உங்க, வாங்க, போங்க. கத்தியால் வெட்டுவதைப் போன்ற மரியாதை.

அந்த மரியாதையோடேயே இருவரும் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள்.

ஜுல்மீரா விவரம் சொல்கிற அழகே தனி. ஜெரோனிமோஸ் மடத்தின் முற்றத்தில், வெயிலும் நிழலும் மாறி மாறி விழுகிற கல் வளைவுகளின் கீழே நடந்துகொண்டே, "தூணெல்லாம் கயிறு கயிறா முறுக்கியிருக்கான். நடுவுல ஒரு மீன். இல்ல, இரு, அது ஒரு சாமியார் மூஞ்சி. மீன் மாதிரி இருக்கான், பாவம்" என்பாள். இடலீனா கல்லின் மேல் கையை வைத்தாள். வெயிலில் சுட்டுக்கிடந்த கல், மடிப்பு மடிப்பாக விரலுக்குள் ஓடியது.

"அதத் தொடக் கூடாதும்மா" என்றான் காவலாள்.

"அவ கையாலதான் பாக்கறா. வேணும்னா நீயும் தொட்டுப் பாரு, ஒன்னும் தேஞ்சிடாது" என்றாள் ஜுல்மீரா. காவலாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இத்தனை மடிப்பு" என்றாள் இடலீனா கல்லைத் தடவியபடி. "இதை இஸ்திரி போடச் சொல்லியிருந்தா அன்னிக்கே வேலைய விட்டிருப்பேன்."

குன்றின் மேலிருந்த பழைய கோட்டையில் மயில்கள் இருந்தன. பைன் மரக் கிளைகளில் ஏறி உட்கார்ந்து பூனை மாதிரிக் கத்தின. அவள் கண்ணோரத்தில் ஒரு நீலம் வந்து வந்து நழுவியது. "தோகைய விரிச்சிருக்கு, உன்னையே பாத்துக்கிட்டு" என்றாள் ஜுல்மீரா. விரித்திருக்கவில்லை என்பது இடலீனாவுக்குத் தெரிந்தது. தோகை தரையில் இழுபடுகிற சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் மறுக்கவில்லை. ஜுல்மீராவின் பேச்சில் எல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இல்லாத கல்யாணப் பெண், இல்லாத பாய்மரப் படகு, சிலையின் தொப்பி மேல் இல்லாத ஒரு கடற்காகம். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால், தான் பார்த்த பாதியும் அவள் சொன்ன பாதியும் கலந்து, யாரும் கட்டாத ஒரு லிஸ்பன் ஊதாப்பூ மரங்களோடு மெல்ல மிதந்து வரும். இடலீனாவுக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. சொன்னவளைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஜூனில் ஒரு ஞாயிறு, ஆற்றங்கரைச் சதுக்கத்தின் பெரிய நுழைவாயில் வளைவுக்குப் போனார்கள். பாதி தூரம் மின்தூக்கி, பிறகு ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய சுழல் படிக்கட்டு. பின்னால் வந்த ஜுல்மீரா அன்று வாயே திறக்கவில்லை. மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. மேல்தளத்தில் காற்று வந்து முகத்தில் மோதியதும், இடலீனாவின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"கீழ மஞ்சக் கட்டடம். நடுவுல குதிரை மேல ராஜா. பிள்ளைங்க ஓடுதுங்க. ஆறு தகதகன்னு இருக்கு. ஒருத்தி சிவப்புக் கவுனு போட்டுட்டு டான்ஸ் ஆடறா."

இடலீனா கோட்டை இருக்கும் திசைக்கு மெதுவாகத் திரும்பினாள். அப்போது ஓரப்பார்வையில் ஜுல்மீராவின் முகம் வந்து விழுந்தது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன. புருவம் சுருங்கி, உதடு வெளுத்து, ஊசி போட்டுக்கொள்கிற குழந்தையின் முகம்.

"அந்தப் பச்சைக் கப்பல் தெரியுதா?" என்று கேட்டாள் இடலீனா.

"தெரியாம? எம்மாம் பெரிசு. முழுக்கப் பச்சை."

"அப்படி ஒரு கப்பலே இல்ல. நான் இப்பதான் விட்டேன். கண்ணைத் திறங்க."

"திறந்தா செத்துடுவேன்" என்றாள் ஜுல்மீரா. "எனக்கு உயரம்னா ஆகாது. உன் வீட்டு மாடிக்கு வரும்போதே செவுத்தப் புடிச்சுக்கிட்டுதான் வருவேன்."

"அப்புறம் எதுக்கு ஏறினீங்க?"

"ஒத்தையா ஏறி நீ விழுந்து வெச்சா? அதையும் சொல்லலன்னு சண்டைக்கு வருவ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கீழே ஆற்றில் அக்கரைக்குப் போகிற படகு ஒன்று நீளமாக ஊதியது. அன்செல்மோ அந்தப் படகுகளில்தான் வேலை பார்த்தான். கரை நெருங்கும்போது முன்முனையில் நின்று கயிறு வீசுகிறவன்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள் இடலீனா. இத்தனை காலத்தில் அவள் அதைக் கேள்வியாகக் கேட்டதே இல்லை.

"அவருதான் வேணாம்னார்."

"இதுலயும் பொய்யா?"

"இதுல பொய் சொல்ல மாட்டேன்டி." ஜுல்மீரா கண்ணைத் திறக்கவில்லை. "நான் இப்படிக் கெடக்கறத இடலீனா பாக்கக் கூடாதுன்னார். அவ முன்னால பாத்தது அப்படியே இருக்கட்டும்னார். தினம் உனக்கு ஆள் அனுப்பலாம்னு எழுந்திருப்பேன். என் பாவாடை நுனியப் புடிச்சுக்குவார். சத்தியம் வாங்கிட்டார். நான் செஞ்சது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"தப்பு."

"சரி, தப்பு."

"எலும்பா கெடந்தாலும் எங்கண்ணன். நான் பாத்திருக்கணும்."

"ஆமா. பாத்திருக்கணும்."

எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று இடலீனாவுக்குத் தெரியவில்லை. தளத்தின் விளிம்புக் கல்லில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். காற்றில் எங்கிருந்தோ சாளை மீன் சுடுகிற புகை வந்தது. கீழே ஊர் முழுவதும் ஒளியில் நனைந்து, விளிம்புகள் மட்டுமாக அசைந்துகொண்டிருந்தது.

"அப்ப இப்ப சொல்லு" என்றாள். "எப்படி இருந்தார்? எதையும் கூட்டாம சொல்லு, அண்ணி."

ஜுல்மீரா, அத்தனை ஞாயிறுகளில் சொல்லாத ஒரு குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"காது பெரிசாத் தெரிஞ்சுது. கன்னம் உள்ள போயிடுச்சுல்ல, அதனால. மீசையை நர்ஸு மழிச்சுட்டா. கழுத்தெலும்புக் குழியில ஒரு கை தண்ணி நிக்கும். பேச்சு நின்னதுக்கப்புறம் கை மட்டும் சும்மா இருக்காது. விரிப்போட நுனியில முடிச்சுப் போட்டுக்கிட்டே இருப்பார், படகு கட்டற முடிச்சு. நான் அவுத்து விடுவேன். திரும்பவும் போடுவார்."

"எந்த விரிப்பு?"

"ஆஸ்பத்திரி விரிப்பு. வெள்ளை."

"இஸ்திரி போட்டிருந்துதா?"

ஜுல்மீரா யோசித்தாள். "இல்ல. கசங்கித்தான் இருந்துது."

இடலீனாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க நின்று அழுதாள். ஜுல்மீரா கண்ணை மூடியபடியே அவள் முதுகைத் தேடித் தடவிக்கொடுத்தாள். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுத் தம்பதி, ஊரின் அழகில்தான் இந்த அம்மாள் மனம் உருகிப்போனாள் என்று நினைத்து, ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

அழுகை ஓய்ந்தபோது கண்ணுக்குள் அண்ணன் இருந்தான். கசங்கிய விரிப்பில், பெரிய காதுகளோடு, முடிச்சுப் போட்டபடி. அந்த முகத்தின் நடுவில் எந்த மங்கலும் இல்லை. நேராகப் பார்க்க முடிந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இறங்கலாமா?" என்றாள் ஜுல்மீரா. "எனக்குக் காலெல்லாம் நடுங்குது."

"என் தோளைப் புடிச்சுக்கோ. நான் முன்னால போறேன்."

"உனக்குப் படி தெரியுமா?"

"நேராப் பாத்தாத்தான் தெரியாது. நீ வாயை மூடிக்கிட்டு வா."

சுழல் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினார்கள். கீழே காப்பிக் கடையில் கிரீம் பணியாரம் தின்றார்கள். ஜுல்மீரா மேலே பட்டைத்தூள் போதவில்லை என்று கடைக்காரனோடு வாக்குவாதம் செய்து இன்னொன்றை வாங்கிக்கொண்டாள். பிறகு கிராஸாவுக்குப் போகிற இருபத்தெட்டாம் எண் டிராமைப் பிடித்தார்கள்.

டிராம் சந்துகளுக்குள் வளைந்து ஏறியது. புனித அந்தோனியார் விழாவுக்குக் கட்டிய காகிதத் தோரணங்கள் சன்னலை உரசிக்கொண்டு போயின. சாயங்கால வெயில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் தாவித் தாவிக் கூடவே வந்தது. இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் ஜுல்மீரா தூங்கிவிட்டாள். தொப்பி மடியில் சரிந்திருந்தது. தலை மெல்லச் சாய்ந்து இடலீனாவின் தோளில் வந்து தங்கியது. வாய் கொஞ்சம் திறந்து, உதட்டோரத்தில் பணியாரத் துகள் ஒட்டியிருந்தது.

மேடு முடிந்து டிராம் சமதளத்துக்கு வந்தபோது சக்கரத்தின் ஓசை மாறியது. இருவரும் இறங்க வேண்டிய நிறுத்தம் அதுதான். இடலீனா கையை நீட்டிக் கம்பியில் இருந்த மணிப் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்தாள். விரல் அதன் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டிராம் நிற்காமல் மேட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் இறங்கத் தொடங்கியது.