குன்றிமணி ஏற்றிய கப்பல்

அந்த உறையைக் கிழித்தது நான்தான். வரதன் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது. இப்போதும் உங்களிடம்தான் சொல்கிறேனே தவிர, சொல்லியிருக்க வேண்டியவரிடம் சொல்லவில்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டு நினையுங்கள்...

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குடியிருந்தேன். துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம். கப்பலில் எந்தச் சரக்கு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. ஒருநாள் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் கடற்போர் விளையாட்டு பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. தரையில் கட்டம் போட்டு, பொம்மைக் கப்பல்களை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் ஆட்டம். வளர்ந்த ஆண்கள் ஆடுவது! அதில் பீரங்கிக்குப் பக்கம் பக்கமாக விதிகள். சரக்குக்கு ஒரு வரி கிடையாது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அரிசியும் எண்ணெயும் வெடிமருந்தும் ஏறாமல் எந்தக் கப்பல் சண்டைக்குப் போகும்?

ஆகவே அந்த விதிகளை நானே எழுதினேன். தீப்பெட்டிகள்தாம் சரக்குக் கப்பல்கள், ஆளுக்கு நான்கு. புளியங்கொட்டை அரிசி மூட்டை, மிளகு எண்ணெய்ப் பீப்பாய், குன்றிமணி வெடிமருந்து. ஒரு சுற்றுக்கு இரண்டு உருப்படிதான் ஏற்றலாம். முதலில் ஏறியது அடியில் கிடக்கும். இறக்கும்போது கடைசியில்தான் வரும். ஏற்றும்போது முன்னால் அட்டைத் தடுப்பு நிற்கும். எந்தக் கப்பல் எப்போது துறையை விட்டுக் கிளம்பியது என்பது மட்டுமே எதிரிக்குத் தெரியும். வயிற்றில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. குன்றிமணி இருக்கும் அந்த ஒரே கப்பலை அடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

பிறகு யாரும் பேச்சு மாற்றக்கூடாது அல்லவா? அதனால் எந்தக் கப்பலில் எது என்று முதல்நாளே எழுதி, உறையில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்திட்டு நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். நடுவர், தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கடை மாடியில்தான் எங்கள் சமுத்திரம். உறைகள் அங்கேயே அலமாரியில், ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும்.

எதிரி வரதன். எங்கள் தெருப் பையன். என்னைவிடப் பத்து வயது இளையவன். கணக்கில் புலி. வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் ஒரு வருஷமாகச் சும்மா இருந்தான். வீட்டில் அம்மாவும் கல்யாணத்துக்கு நின்ற தங்கையும். ஆட்டத்தில் அவன் மூளையைப் பார்த்து அசந்துபோன அண்ணாச்சி, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கடைக் குடோனை அவன் பொறுப்பில் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் மறுபடி அடுப்பு ஒழுங்காக எரியப்போகிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்!

ஆனால் அவன் நான்கு வாரம் தொடர்ந்து என் குன்றிமணிக் கப்பலையே அடித்தான். நான்கில் ஒன்று... தடுமாற்றமே இல்லாமல், நேராக வந்து அதையே அடித்தான். ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம். நான்கு முறையுமா?

என் மனம் அரிக்க ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் அவன் ஏன் எனக்குப் பிறகே உறை கொண்டுவருகிறான்? அண்ணாச்சி கல்லாவில் இருக்க, அவனே மாடியேறி டப்பாவில் போடுகிறானாமே... ஏன்? அடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறானே, ஏன்? தெருவில் அவன் கும்பிட்டால்கூட அதில் ஏதோ ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. என் விதிகளை, துறைமுகத்தில் கால் தேயக் கற்றதை, வேலையில்லாத ஒரு பையன் நேர் வழியில் ஜெயிப்பானா? இப்படியும் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது ஞாயிறு. வேண்டுமென்றே சீக்கிரம் போனேன். அண்ணாச்சி கீழே ஆளிடம் காபி வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாடிக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். என் உறை ஒட்டினபடியே இருந்தது. கையெழுத்துக் கோடு மட்டும் ஒரு மயிரிழை விலகியிருப்பதுபோல்... இல்லை, விலகவில்லை. விலகியிருக்கிறதோ? பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருப்பானோ? பருக்கை பழசா புதுசா என்று பார்க்க ஓரத்தில் நகத்தை விட்டேன்.

சர்ரென்று கிழிந்துவிட்டது.

காய்ந்து இறுகிய பருக்கை. நான் ஒட்டிய அதே பருக்கை! யாரும் தொடவில்லை என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

படியில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி.

"என்ன சார், கவரு கிழிஞ்சுல்லா கெடக்கு?"

"நான் வரும்போதே இப்படித்தான் இருந்தது."

அவ்வளவுதான். ஒரே வாக்கியம். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பதற்றத்தில் உளறினேன் என்று சொல்லலாம். அப்படியானால் அடுத்ததை ஏன் கேட்டேன்?

"நேற்று கடைசியாக மேலே வந்தது யார்?"

அண்ணாச்சியின் முகம் இறுகியது. வரதன் வந்ததும் அவர் உறையை அவன் முன்னால் போட்டார். அவன் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நான் கப்பலைத்தான் பார்த்தேன் அண்ணாச்சி. கவரைத் தொடவே இல்லை."

"மூடின கப்பல்ல என்னத்தப்பா பார்த்தே?" என்றேன் நான்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணாச்சி கையை உயர்த்திவிட்டார்.

"போதும் தம்பி. ஒண்ணாந்தேதி சாவி வாங்க வரவேண்டாம்."

அவன் படியிறங்கிப் போனான். காபி வந்தது. நான் குடித்தேன்.

மறுநாள் துறைமுகத்தில் ஒரு கப்பலின் கொடிமரத்தில் சிவப்புக் கொடி ஏறியது. மற்றச் சரக்கெல்லாம் ஏறி முடிந்து, கடைசியாக வெடிமருந்துப் பெட்டிகள் ஏறுகின்றன என்று அர்த்தம். எப்போதும் அதுதான் வழக்கம். ஆபத்தான சரக்கு கடைசியில்தான் ஏறும். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து என் கையோடு ஊறிப்போன பழக்கம்... கையில் பென்சிலோடு அப்படியே நின்றுவிட்டேன்.

தீப்பெட்டிக் கப்பலிலும் நான் அப்படித்தானே ஏற்றினேன்! புளியங்கொட்டையும் மிளகும் எல்லாக் கப்பலிலும் ஏறி முடியும்வரை குன்றிமணியைத் தொடவே மாட்டேன். அதனால் வாராவாரம் கடைசியாகத் துறையை விட்டுக் கிளம்பியது குன்றிமணிக் கப்பல்தான். ஆட்டத்தில் குன்றிமணி வெடிக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வரதன் உறையைப் பார்க்கவில்லை. கிளம்பும் வரிசையைப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் செய்த சூது!

செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவது என்று பஸ் ஏறி தியாகராய நகர் போனேன். கடை வாசலிலேயே அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை சார், நீங்க பாத்துச் சொன்னீங்க. இல்லேன்னா சாவியைத் தூக்கிக் குடுத்திருப்பேன்லா!"

அந்தக் கை என்னை எவ்வளவு நம்பியது தெரியுமா? அந்த நம்பிக்கையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அந்த மாதமே வரதன் வீட்டார் தெருவைக் காலி செய்துகொண்டு ஆதம்பாக்கம் பக்கம் போனார்கள். பின்னால் அண்ணாச்சியும் காலமாகிவிட்டார். கடைசிவரை வரதனைத் திருடன் என்று நினைத்தபடியே போனார்.

வரதனை அதன் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். ஐந்தாறு வருஷம் கழித்து, தேனாம்பேட்டை பஸ் நிறுத்தத்தில். காதோரம் நரைத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவனே பக்கத்தில் வந்துவிட்டான். சௌக்கியமா என்றான். அம்மா போய்விட்டதாகச் சொன்னான். எங்கே வேலை என்று நான் கேட்கவில்லை, தைரியம் இல்லை. அவன் பஸ் வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பி, சிரித்தபடி கேட்டான்.

"சார், இன்னமும் குன்றிமணியைக் கடைசியிலதான் ஏத்தறேளா?"

எதற்காக அப்படிக் கேட்டான்? பழைய சிநேகத்திலா? அல்லது உறையைக் கிழித்தது யாரென்று அன்றைக்கே தெரிந்து, இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்தானா? அந்தச் சிரிப்பை எத்தனையோ முறை பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டேன்... பாருங்கள், இப்போதும் அவனைத்தான் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன்!